வீரம்மாக்கா இல்லாத வரிசை

கோடைக்கானல் மலையில, கிளாவரையில நான் மளிகைக்கடை வச்சிருந்த காலத்துல எனக்குப் பிடிக்காத சோலி ஒண்ணு உண்டு. உப்பு மூட்டையைக் காபந்து பண்றது. மஞ்சு, அதான் அந்த மலைப் பனிமூட்டம், உள்ள புகுந்தா உப்பு கசிஞ்சு ஓடும், தீப்பெட்டி நமுத்துப் போகும், கருவாடு மட்டும்தான் கம்முன்னு கெடக்கும். பழனிக் கடைத்தெருவுல பொறந்து வளந்தவனுக்கு இதெல்லாம் தலையெழுத்து. என் பேரு முகம்மது இஸ்மாயில். ஆனா அங்க யாருக்கும் அந்தப் பேரு தெரியாது. எல்லாருக்கும் ராவுத்தருதான். "ஏன் ராவுத்தரே, எங்க ஊருக் குளிரு இன்னுமா பழகலை?"ன்னு கேட்டுக்கிட்டே பொம்பளைக என் அடுப்புப் பக்கம் வந்து கையைக் காய்ச்சுவாங்க. அப்படிக் கேக்கிறதுல முதல் ஆளு வீரம்மாக்கா.

வீரம்மாக்காவுக்கு அப்பவே அறுபது தாண்டியிருக்கும். புருசன் போய் வெகுகாலம். மணியன்னு ஒத்தை மகன். மேல்காட்டுல படிப்படியா வெட்டின பூண்டு நெலம் கொஞ்சம். ஆளு ஒல்லி, ஆனா அந்த வாயி இருக்கே, அல்லா காப்பாத்தணும். ஒரு தடவை கருப்பட்டி கொடுக்கக் காட்டுப்பக்கம் போயிருந்தேன். நடவு வரிசையில உக்காந்துக்கிட்டே, தலையைக்கூட நிமித்தாம, பக்கத்துல இருந்த சோலையம்மாவைக் கேக்குறாங்க: "ஏண்டி, ஒம் மருமகன் விருந்துக்கு வந்தானாமே. கெடாயை மட்டும் தின்னானா, கட்டியிருந்த கயித்தையும் சேத்துத் தின்னானா?"

வரிசையே குலுங்குது. சோலையம்மா, "மதினி வாயில மண்ணு விழ!"ன்னு கையில இருந்த மண்ணை அள்ளி வீசுறா. அப்படியே வெயிலு ஏறும், மஞ்சு எறங்கும், சாரல் விழும், சாக்கைக் கொங்காணியா மடிச்சுத் தலையில போட்டுக்கிட்டுப் பேச்சு நடக்கும். கை பாட்டுக்குப் பூண்டை நட்டுக்கிட்டுப் போகும். ஊருல எவ வீட்டுல என்ன கொதிக்குது, எவ புருசன் எங்கிட்டுப் போனான், எல்லாம் அந்த வரிசையிலதான் வெளிய வரும்.

பூண்டு நடவுன்னா அங்க மாத்து வேலைதான். இன்னிக்கு ஒங்காட்டுல எல்லாரும், நாளைக்கு எங்காட்டுல எல்லாரும். வீட்டுக்கு ஒரு பொம்பளை. மடியில பூண்டுப் பல்லைக் கட்டிக்கிட்டு, குந்தவச்சு உக்காந்து, வரிசையா நகந்துக்கிட்டே போவாங்க. அவங்கவங்களுக்கு அவங்கவங்க எடம். கூலிப் பேச்சே கெடையாது. காட்டுக்காரங்க வரக்காப்பியும், மத்தியானத்துக்குக் கேப்பைக்களியும் கருவாட்டுக் குழம்பும் கொடுக்கணும், அவ்வளவுதான்.

இதுல ஒரு மொறை உண்டு. காய்ச்சல், பேறுகாலம்னு ஒருத்தியால வர முடியலைன்னா அவ எடத்தைக் காலியா விட்டுருவாங்க. ரெண்டு பக்கத்துலயும் இருக்கிறவங்க கையை எட்டிப்போட்டு அந்த எடத்தையும் நட்டுக்கிட்டே போவாங்க. அவ உடம்பு தேறித் திரும்பி வந்து அதே எடத்துல உக்காருவா. ஆனா வரிசையில இருந்தவ செத்துப்போனா, அவ வீட்டுலேருந்து ஒரு கூலியாளை அனுப்புவாங்க. அந்தக் கூலியாள் செத்தவ எடத்துல உக்காந்து அந்த நடவை முடிச்சுக் கொடுத்துட்டுப் போவா. உசுரோட இருக்கிறவளுக்குக் கூலியாள் அனுப்பின வீடு அந்த ஊருல அதுவரைக்கும் கெடையாது.

சீனாக்காரன் சண்டை வந்த வருசம். வைகாசி நடவுல வீரம்மாக்கா ஈரத்துல வழுக்கிப் படியிலேருந்து கீழ்ப்படியில விழுந்துட்டாங்க. இடுப்புல அடி. டோலி கட்டி, வரிசைப் பொம்பளைகளோட புருசன்மாருதான் மாத்தி மாத்தித் தூக்கினாங்க. லாரி வர்ற எடம் வரைக்கும் அப்படியே நடந்து, அங்கேருந்து கோடைக்கானல். எனக்கும் சரக்கு எடுக்க வேண்டியிருந்ததால கூடவே போனேன். ஆஸ்பத்திரி டாக்டரம்மா தடவிப் பாத்துட்டு, "எலும்பு ஒண்ணும் ஒடையலை. ஒரு மாசம் ரெஸ்ட்ல இருக்கட்டும். அப்புறம் எந்திரிச்சு நடமாட விடணும், அவங்க வேலையை அவங்க பாக்கட்டும்"னு தெளிவாத்தான் சொன்னாங்க. நான் இந்தக் காதால கேட்டேன். மணியன் காதுல ரெஸ்ட்டு மட்டும் விழுந்திருக்கு.

அவனைச் சொல்லியும் குத்தமில்லை. சின்ன வயசுலயே கோடைக்கானல்ல ஒரு பங்களாவுக்குத் தோட்ட வேலைக்குப் போனவன். கல்யாணம் முடிஞ்சுதான் ஊருக்குத் திரும்பினான். பொண்டாட்டி சின்னத்தாயிக்குத் தாண்டிக்குடி. காப்பித் தோட்டத்து ஊரு, அங்க எல்லாமே கூலிதான். ரெண்டு பேருக்கும் இந்த ஊரு மொறை காதுல கேட்ட சங்கதி, அவ்வளவுதான்.

வைகாசி முச்சூடும் வீரம்மாக்கா எடம் காலியாத்தான் இருந்துச்சு. சோலையம்மா ஒரு பக்கம், இன்னொருத்தி ஒரு பக்கம், எட்டிப்போட்டு நட்டாங்க. சாயங்காலமானா ஒருத்தி முட்டை, ஒருத்தி கோழி ரசம். படுத்த எடத்துலேருந்தே வீரம்மாக்கா வரிசைச் சேதி அத்தனையும் வாங்கிக்குவாங்க. ஆடி மாசம் எந்திரிச்சு வாசல் வரைக்கும் நடந்தாங்க. ஐப்பசி நடவுக்கு வந்துருவாங்கன்னு எல்லாரும் நெனச்சுக்கிட்டு இருந்தாங்க.

ஐப்பசி பொறந்ததும் மணியன் கடைக்கு வந்தான். "மாமா, இருளாயிக்குக் கூலி பேசிட்டேன். நாளையிலேருந்து அம்மா எடத்துல அவ போவா."

இருளாயி பாச்சலூர்ப் பக்கத்துலேருந்து பொழைக்க வந்தவ. ஒண்ணும் தெரியாத நல்ல பொண்ணு.

"ஏம்ப்பா, அம்மாதான் நடக்குறாங்களே. டாக்டரம்மா ஒரு மாசம்தானே சொன்னாங்க?"

"டாக்டரம்மா சொல்லுவாங்க மாமா. மறுபடி விழுந்தா யாரு பாக்குறது? பங்களாவுல நான் பாத்திருக்கேன். அந்த வெள்ளைக்காரக் கெழவி சேர்ல உக்காந்தா உக்காந்ததுதான். காப்பி சேருக்கு வரும், பேப்பர் சேருக்கு வரும். எங்கம்மா மட்டும் சாகிற வரைக்கும் சேத்துலயே குந்தணுமா?"

"அந்தக் கெழவி சந்தோசமா இருந்துச்சா?"

"எனக்கென்ன தெரியும்? நல்லாத் தூங்குச்சு."

"சரி, அப்ப எடத்தைக் காலியா விடு. வைகாசியில விட்ட மாதிரி."

"எத்தனை நாளைக்கு மாமா அடுத்தவங்க நம்ம எடத்துக்குக் கையை நீட்டிக்கிட்டு இருக்கிறது? நாம என்ன வக்கத்த வீடா?"

"கூலியாள் அனுப்புறதுக்கு இந்த ஊருல ஒரு மொறை இருக்குப்பா."

"அது செத்தவங்களுக்கு மாமா. இது ரெஸ்ட்டு." சிரிச்சுக்கிட்டே போயிட்டான். அம்மாவுக்குச் சிம்மாசனம் செஞ்சு போட்ட மாதிரி மொகத்துல அவ்வளவு சந்தோசம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, அளந்துக்கிட்டு இருந்த பருப்பைக் கீழ கொட்டிட்டேன். எம் பொஞ்சாதி மரியம் பீவி, "ஊரு வம்பு ஒங்களுக்கெதுக்கு?"ன்னு என்னைத்தான் ஏசுனா.

மறுநாள் சாயங்காலம் சோலையம்மா வந்தா. கருவாடு கேட்டா, கருவாட்டைப் பாக்கவே இல்லை.

"ராவுத்தரே, எங்க மதினி வீட்டுல என்னதான் நடக்கு?"

"ஏம்மா?"

"காலையில வெள்ளனே வரிசையில உக்காந்திருக்கோம். மதினி வருவா வருவான்னு வழியைப் பாத்துக்கிட்டு இருக்கோம். இந்த இருளாயி வந்து நிக்கா. 'வீரம்மாத்தா எடம் எது?'ன்னு கேக்கா. ஐயோ மதினி போயிட்டாளேன்னு எந்திரிச்சு ஓடப் போறேன், அவ சொல்றா, ஆத்தா கட்டில்ல உக்காந்து காப்பி குடிச்சுக்கிட்டு இருக்காகன்னு."

"நல்லதுதானேம்மா."

"என்னத்த நல்லது? உசுரோட இருக்கிறப்பக் கூலியாளை அனுப்பினா என்ன அர்த்தம்? ஒங்க சங்காத்தமே வேண்டாம், நான் செத்ததா வச்சுக்கங்கன்னுதானே அர்த்தம்? பூண்டு ரெண்டு போகம் நல்ல வெலைக்குப் போயிருச்சு, வீட்டுக்குத் தகரம் போட்டாச்சு, இனி எங்ககூடக் குந்துவாளா?"

"மகன் தெரியாம செஞ்சிருப்பாம்மா."

"மகனுக்குத் தெரியாது, சரி. மதினிக்கு வாயில்லையா? ஊரு வாயை எல்லாம் அடைக்கிற வாயி! 'சோலையம்மா, இப்படி ஆயிருச்சுடி'ன்னு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக் கூடாதா? நாங்க போய் அந்தக் கதவைத் தட்ட மாட்டோம் ராவுத்தரே. எங்களுக்கும் ரோசம் இருக்கு." சொல்லிட்டு முந்தானையால மூக்கைச் சிந்திக்கிட்டு, வாங்க வந்த கருவாட்டை வாங்காமலே போயிட்டா.

எனக்கு மனசு கேக்கலை. சீமெண்ணெய் கொடுக்கிற சாக்குல வீரம்மாக்கா வீட்டுக்குப் போனேன். அடுப்புக்குப் பக்கத்துல புதுக் கயித்துக் கட்டில். மேல செவப்புக் கம்பளி. மேல பரண்ல வெதைப்பூண்டு பொகையில தொங்குது. சின்னத்தாயி ஒரு கையில காப்பியும் ஒரு கையில அவிச்ச கெழங்குமா நிக்கிறா.

"வாங்க தம்பி. ராவுத்தருக்கு இப்பத்தான் எங்க வீட்டுக்கு வழி தெரிஞ்சுதா?"

"எப்படி இருக்கீங்கக்கா?"

"எனக்கென்ன? குந்துனா கஞ்சி, படுத்தா கம்பளி. விளக்குமாத்தைத் தொட்டா இவ பிடுங்குறா. பல்லு உதுக்கலாம்னு பூண்டை எடுத்து மடியில வச்சேன், தட்டோட தூக்கிட்டுப் போயிட்டா."

"ஊரு என்னைத்தானே ஏசும் அத்தே?"ன்னா சின்னத்தாயி. "இடுப்பொடிஞ்ச மாமியாளை வேலை வாங்குறான்னு பேச மாட்டாங்களா?"

"ஊரு எங்கேடி பேசுது? ஊருதான் நம்ம வாசப்பக்கமே வரலையே." சின்னத்தாயி வெளிய போனதும் குரலைத் தாழ்த்திக்கிட்டாங்க. "தம்பி, அந்தச் சோலையம்மா எட்டிப் பாத்தாளான்னு கேளுங்க. நடவு வந்ததும் ஒருத்தியையும் காணோம். காலு உதவாத கெழவின்னு தள்ளிட்டாளுக."

"அப்படி இல்லக்கா. நீங்க கூலியாளை அனுப்பிட்டீங்கன்னு அவங்களுக்கு வருத்தம்."

"நானா அனுப்பினேன்?" எந்திரிச்சு உக்காந்துட்டாங்க. "எங்கிட்டக் கேட்டா செஞ்சான்? இருளாயி கூடையோட போறதை இந்தச் சன்னல்ல பாத்துத்தான் எனக்கே தெரியும்."

"அப்ப மணியன்கிட்டச் சொல்ல வேண்டியதுதானேக்கா?"

"எப்படித் தம்பி சொல்ல? நல்லது செஞ்சுட்டோம்னு மொகமெல்லாம் சிரிப்பா வந்து நிக்கான். நீ என்னைக் கொன்னுட்டேடான்னு சொல்லவா?" கம்பளியை ஒதுக்கித் தள்ளுனாங்க. "அவளுக வந்து வா மதினின்னு ஒரு வார்த்தை கூப்புடட்டும். மகனை நான் சமாளிச்சுக்கிருவேன். நானாப் போயி எப்படி நிக்கிறது? வேண்டாம்னு தள்ளுன எடத்துல போய் உக்காரச் சொல்றீங்களா?"

நான் சோலையம்மாகிட்ட வந்து சொன்னேன். "எடம் எங்க ஓடிப் போயிருச்சு? வரச் சொல்லுங்க"ன்னா. அதை வீரம்மாக்காகிட்ட வந்து சொன்னேன். மளிகைக்கடைக்காரன் தபால்காரன் ஆனேன். ரெண்டு பக்கமும் பாசம் பொங்கி வழியுது, யாரு முதல்ல வாசப்படி தாண்டுறதுன்னுதான் வழக்கு. என்ன மனுசங்கடான்னு இருந்துச்சு எனக்கு.

கடைசியில வீரம்மாக்காதான் எறங்கி வந்தாங்க. ஒருநாள் காலையில, கம்பை ஊனிக்கிட்டு, வரிசை நடந்துக்கிட்டு இருந்த காட்டுக்கு ஒத்தையா ஏறிட்டாங்க. சும்மா நடந்துட்டு வர்றேன்னு சொல்லிட்டுப் போறப்ப, குளிருக்குன்னு சின்னத்தாயி, மணியன் கோடைக்கானல்ல வாங்கிட்டு வந்த பழைய கம்பளிக் கோட்டை மாட்டிவிட்டிருக்கா. சீமைக்குத் திரும்பிப் போற எவளோ வெள்ளைக்காரி வித்துட்டுப் போனது. முழங்கால் வரைக்கும் தொங்குது, பெரிய பெரிய பித்தான். நான் வரக்காப்பிக்குக் கருப்பட்டி கொடுக்கப் போனவன், அங்கதான் நின்னுக்கிட்டு இருந்தேன்.

வரப்பு மேல வந்து நின்னாங்க. வரிசை கீழ. பேச்சு டக்குன்னு நின்னுபோச்சு. இருளாயி பதறி எந்திரிச்சு, கையைக் கட்டிக்கிட்டு, "ஆத்தா, நல்லாத்தான் நட்டிருக்கேன், வந்து பாருங்க"ன்னா. கடைசியில இருந்த ஒருத்தி, "கூலியாள் ஒழுங்கா வேலை பாக்குதான்னு மேப்பார்வைக்கு வந்திருக்காக"ன்னு முனகுனது எனக்கே கேட்டுச்சு. சோலையம்மா கோட்டைப் பாத்தா, பித்தானைப் பாத்தா, தலையைக் குனிஞ்சுக்கிட்டா.

"நடவு நல்லா நடக்குதா?"ன்னாங்க வீரம்மாக்கா. பாவம், என்ன கேக்கன்னு தெரியாம கேட்டது.

"நடக்குதுங்க"ன்னா சோலையம்மா.

வா மதினி, போ மதினின்னு இத்தனை வருசம் பேசினவ. வீரம்மாக்கா இன்னும் கொஞ்ச நேரம் நின்னு பாத்தாங்க. யாராவது சிரிப்பாளா, மண்ணை அள்ளி வீசுவாளான்னு. அப்புறம் கம்பை ஊனிக்கிட்டுத் திரும்பிட்டாங்க. நான் பின்னாலயே ஓடி, "அக்கா, கோட்டைக் கழத்திட்டு வரிசையில போய் உக்காருங்க, எல்லாம் சரியாயிரும்"னேன்.

"இருளாயி எடத்தை விட்டாத்தானே தம்பி நான் உக்கார? ஒரு வீட்டுக்கு ரெண்டு ஆளு கெடையாதே"ன்னாங்க. வீட்டுக்குப் போய் அந்தக் கோட்டைக் கழத்திக் கோழிக்கூட்டு மேல போட்டுட்டுப் படுத்தாங்க.

அதுக்கப்புறம் அவங்க வாசலுக்கு வரலை. மார்கழி, தை, உறைபனி காலம். விடிஞ்சு பாத்தா புல்லெல்லாம் வெள்ளையாக் கெடக்கும், கெழங்குச் செடி கருகிப்போகும். மணியன் கோடைக்கானலுக்கு நடையா நடந்து டானிக் வாங்கிட்டு வந்தான். முட்டை, பாலு, ஒண்ணுலயும் கொறை வைக்கலை. சின்னத்தாயி கையில ஊட்டாத கொறைதான். ஆனா எம் பொஞ்சாதி போய்ப் பாத்துட்டு வந்து அழுதா. "அக்கா பேசவே மாட்டேங்குறாங்கங்க. நான்தான் பேசிக்கிட்டே இருக்கேன். என்னைக் கேலி பண்ணுங்கக்கா, என் சோத்தைப் பழிச்சுப் பேசுங்கக்கான்னேன். சும்மா பாக்குறாங்க"ன்னா.

மாசி மாசம் ஒருநாள் கடை தெறக்கையிலேயே மணியன் வந்து நின்னான். மூஞ்சி செத்துக் கெடந்துச்சு.

"மாமா, அம்மா ஒரு மாதிரி பேசுறாங்க. காலையில என்னைப் பக்கத்துல கூப்புட்டு, 'ஏலே, நான் செத்து எவ்வளவு நாளாச்சு?'ன்னு கேக்குறாங்க. எனக்குப் பயமா இருக்கு மாமா."

அவனை உக்காரவச்சு எல்லாத்தையும் சொன்னேன். பாதி சொல்லிக்கிட்டு இருக்கையிலேயே சோலையம்மா உப்பு வாங்க வந்தா. "நீயே கேளும்மா, இவன் ஆத்தா கேட்டதை"ன்னேன். கேட்டதும் அந்தப் பொம்பளை கடைவாசல்லயே உக்காந்துட்டா. உக்காந்த எடத்துலேருந்தே மணியனைப் பிடிச்சுக்கிட்டா.

"ஏலே மணியா, ஒங்கம்மா ஒன்னைக் காசுக்காடா வளத்தா? ஒங்கப்பன் போனப்ப நீ கைக்குழந்தை. வரிசையிலதாண்டா ஒன்னைத் தூளியில போட்டா. நான் ஒருக்கா ஆட்டுவேன், இன்னொருத்தி ஒருக்கா ஆட்டுவா. அழுத கண்ணோட வந்து உக்காருவா, சாயங்காலம் சிரிச்சுக்கிட்டுத்தான் எந்திரிப்பா. நாங்க வயித்துக்கு மட்டுமாடா நட்டோம்? அவளைப் போயி வீட்டுக்குள்ள பூட்டி வச்சுட்டியேடா, பாவி!"

"அம்மா மண்ணைத் தொடக்கூடாதுன்னு நெனச்சேன் அத்தை. சின்ன வயசுலேருந்து அதுதான் எனக்கு ஆசை."

"அதை அவகிட்டக் கேட்டியா?"

மணியன் கண்ணுலேருந்து தண்ணி ஊத்துது. சோலையம்மா எந்திரிச்சா. "நானும் பாவிதான். 'நடக்குதுங்க'ன்னு சொன்னேனே, இந்த நாக்கை அறுத்துப் போட"ன்னு தலையில அடிச்சுக்கிட்டு மணியன் வீட்டுக்கு ஓடினா. நாங்க பின்னால போறதுக்குள்ள உள்ள சத்தம் கேக்குது.

"கோட்டு மாட்டிக்கிட்டுத் தொரைச்சாணி மாதிரி வந்து நின்னா நான் என்னத்தைக் கண்டேன்?"

"கோட்டுக்குள்ள நான்தானேடி இருந்தேன், கண்ணு அவிஞ்சவளே!"

ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் முதுகுல அடிச்சுக்கிட்டு அழுகுறாங்க. அன்னிக்குத்தான் வெகுநாளைக்கப்புறம் வீரம்மாக்கா குரலைக் கேட்டேன். சந்தோசத்துல வெரசா வந்து மரியம் பீவிகிட்டச் சொன்னேன். எல்லாம் சரியாயிருச்சுன்னு நானும் நம்பிட்டேன்.

வைகாசி நடவு ஆரம்பிச்ச அன்னிக்கு இருளாயிக்கு வேற காட்டுல வேலை சொல்லிட்டு, மணியன் அம்மாவை முதுகுல சுமந்துக்கிட்டு ஏறினான். வரிசை பூராவும் எந்திரிச்சு நிக்குது. "மாப்பிள்ளை குதிரையில வர்றாக, மாலை எங்கே?"ன்னு ஒருத்தி கத்துறா. வீரம்மாக்கா, "மாலைக்கு ஒம் புருசனை வரச் சொல்லுடி"ன்னாங்க. அந்தச் சிரிப்புல மலையே அதிர்ந்துச்சு. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.

சோலையம்மா பக்கத்துல அவங்க எடத்துல எறக்கிவிட்டான். மடியில பூண்டுப் பல்லைக் கட்டிவிட்டாங்க. அப்புறம் வீரம்மாக்கா குந்தப் பாத்தாங்க. முடியலை. ஐப்பசியிலேருந்து நீட்டிப் படுத்துக் கெடந்ததுல முட்டி ரெண்டும் இறுகிப் போச்சு, மடங்கவே மாட்டேங்குது. ரெண்டு பேரு பிடிச்சு உக்காரவச்சாங்க, பின்பக்கமா சாஞ்சாங்க. சரின்னு காலை நீட்டி மண்ணுலயே உக்காந்து, குனிஞ்சு நட ஆரம்பிச்சாங்க.

கைக்கு எட்டுற வரைக்கும் நட்டாங்க. நல்லாத்தான் நட்டாங்க. ஆனா வரிசை நகரணுமே. அவங்க கையை ஊனி ஒடம்பை ஒரு சாண் இழுக்கிறதுக்குள்ள மத்தவங்க அடுத்த பாத்திக்குப் போயிட்டாங்க. நின்னு காத்திருந்தாங்க. மறுபடி நகந்தாங்க, மறுபடி காத்திருந்தாங்க. மேக்க கருத்துக்கிட்டு வருது. மழை விழுந்தா பாத்தி சேறாயிரும், அன்னிக்கு வேலை போச்சு. வீரம்மாக்காதான் சொன்னாங்க, "எனக்காக நிக்காதீங்கடி, போங்க, நான் வர்றேன்."

போனாங்க. பேச்சும் அவங்ககூடவே போயிருச்சு. தூரத்துல சிரிக்கிறது கேக்குது, என்ன சொல்லிச் சிரிக்கிறாங்கன்னு கேக்கலை. வீரம்மாக்கா காதுக்குப் பின்னால கையைக் குவிச்சுக்கிட்டு அந்தப் பக்கமே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க. மஞ்சு எறங்கி வரிசையை மறைச்சதும், "மணியா, வீட்டுக்குப் போவோம்டா"ன்னாங்க.

பொம்பளைக வீட்டுக்கு வந்து பாக்கத்தான் செஞ்சாங்க. ஆனா நடவுக் காலத்துல பகலெல்லாம் குந்திட்டு வந்த ஒடம்பு, எவ்வளவு நேரம் உக்காருவாங்க? வந்தா, "சாப்பிட்டியா மதினி, வலி எப்படி இருக்கு, தைலம் தேச்சியா?" அவ்வளவுதான். நோயாளி வீட்டுல பேசுற பேச்சு. கட்டில்ல படுத்திருக்கிறவளைக் கேலி பண்ண யாருக்கு மனசு வரும்? சோலையம்மாவுக்கே வரலை. தலையைத் தடவிட்டுப் போவா.

வீரம்மாக்கா எடத்தைக் காலியா விடுறோம்னுதான் வரிசையில சொன்னாங்க. மணியன் ஒத்துக்கலை. "கூலியாளும் வேண்டாம், காலியாவும் வேண்டாம். நானே வர்றேன்"ன்னு அவனே போய் அம்மா எடத்துல குந்தினான். ஆம்பளை பூண்டு நடுறதை அந்த ஊரு அப்பத்தான் பாக்குது. மீசை வச்ச ஆளு, பொம்பளைகளுக்கு நடுவுல, மடியில பல்லைக் கட்டிக்கிட்டு. நாலு ஆம்பளைக வரப்புல நின்னு சிரிச்சாங்க. அவன் தலையை நிமித்தலை. அதுக்காக அவனை நான் இன்னிக்கும் மதிக்கிறேன்.

நடவு முடியப்போற சமயத்துல ஒரு சாயங்காலம், கருப்பட்டி கொடுக்க அவங்க வீட்டுக்குப் போயிருந்தேன். வெளிய சாரல். வீரம்மாக்கா கட்டில்ல சாஞ்சிருக்காங்க. மணியன் நகத்துல மண்ணு போகாம, அடுப்போரம் உக்காந்து கேப்பைக்கூழைக் குடிச்சுக்கிட்டே அன்னிக்கு வரிசையில நடந்ததை ஒண்ணுவிடாம சொல்லிக்கிட்டு இருந்தான். பாடம் ஒப்பிக்கிற மாதிரித்தான் சொன்னான். ஆனா சொன்னான்.

"அப்புறம் சோலையத்தை என்ன சொன்னாங்க தெரியுமாம்மா? நான் நட்ட பாத்தியைப் பாத்துட்டு, 'ஆம்பளை நட்ட பூண்டு, மீசையோடதான் மொளைக்கும்'னாங்க. எல்லாரும் ஒரே சிரிப்பு."

"யாரு, சோலையம்மாவா?" வீரம்மாக்கா தலையைத் தூக்கினாங்க. எத்தனையோ மாசத்துக்கப்புறம் அந்த மொகத்துல பழைய களை வந்துச்சு. கண்ணு ரெண்டும் மின்னுது, ஒதட்டுல பதில் ஒண்ணு துடிக்குது. சொல்லப்போறாங்க, வரிசையே குலுங்கப்போகுதுன்னு நானும் சிரிக்கத் தயாராயிட்டேன். பக்கத்துல திரும்பினாங்க. அங்க அடுப்பும் வெறகும்தான் கெடந்துச்சு.

"என்னம்மா? என்ன சொல்லணும்? சொல்லும்மா, நாளைக்குப் போய் அத்தைகிட்டச் சொல்லிடுறேன்."

"நாளைக்கா?"ன்னாங்க வீரம்மாக்கா. திரும்பவும் சாஞ்சுக்கிட்டாங்க. "அவ வாயை மூடுறதுக்குள்ள சொல்லணும்டா. நாளைக்கு நீ போய்ச் சொன்னா யாருக்குடா சிரிப்பு வரும்?"

கையைக் கழுவலாம்னு எந்திரிச்ச மணியன், எந்திரிச்ச எடத்துலயே மறுபடி உக்காந்துட்டான்.